18446744073709551615-ஐக் கையாலேயே காரணிப்படுத்த முடியுமா?

எண்_பிரியை:
சதுரங்கக் கட்டங்களில் 1, 2, 4, 8 என்று இரட்டித்து நெல்மணி வைத்துக்கொண்டே போனால், 64 கட்டத்துக்கும் சேர்த்து வரும் மொத்தம் இது. அதாவது 2⁶⁴ − 1. கடைசி இலக்கம் 5, அதனால் 5-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, அதனால் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இதற்கு மேல் நகர முடியவில்லை. கணினியில் போட்டால் நொடியில் விடை வந்துவிடும், ஆனால் ஒவ்வொரு காரணியும் ஏன் வருகிறது என்று எனக்குப் புரிய வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குக்குள் யாராவது சொல்வீர்களா?

கரும்பலகை:
தாராளமாக முடியும் அம்மா. வகுப்பில் நான் விரும்பி எடுக்கும் கணக்கு இது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், அந்த ஒரே சூத்திரம் போதும். 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). இரண்டாவது அடைப்பை மறுபடி அதே மாதிரி உடையுங்கள், உடைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

641 எங்கிருந்து வந்தது? 2³² + 1-இன் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641… ஐந்தாவதே விடை! வகுத்துப் பார்க்காமலும் காட்டலாம்:

641 = 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ × 2²⁸ + 2³² அதனால் வகுபடும்.
641 = 5 × 2⁷ + 1. x = 5 × 2⁷ என்று வைத்தால், x + 1 என்பது x⁴ − 1-இன் காரணி. ஆகவே 5⁴ × 2²⁸ − 1-உம் வகுபடும்.
முதலாவதில் இரண்டாவதைக் கழியுங்கள்: 2³² + 1.

இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தும் அந்தக் கழித்தல் வரியில் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

தெற்குத்தெரு:
ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. அப்படியானால் மொத்த வகுத்திகள் 2⁷ = 128, சரிதானே ஐயா?

கரும்பலகை:
சரி தம்பி. அப்புறம், முதல் ஐந்தை மட்டும் பெருக்கினால் 4294967295. அத்தனை பக்கம் உள்ள ஒழுங்குப் பலகோணத்தைக் கொள்கையளவில் அளவுகோலும் கவராயமும் கொண்டே வரைய முடியும். ஒற்றைப்படைப் பக்கங்களில் இன்றுவரை தெரிந்த மிகப் பெரியது அதுதான். ஃபெர்மா வகைப் பகா எண்களில் (2-க்கு 1, 2, 4, 8, 16… என்று இரட்டிக்கும் அடுக்குப் போட்டு 1 கூட்டினால் வரும் பகா எண்கள்) அந்த ஐந்துக்கு மேல் வேறெதுவும் இதுவரை அகப்படவில்லை.

எண்_பிரியை:
நன்றி ஐயா, 641 வரிகளை நோட்டில் போட்டுப் பார்த்தேன், புரிந்தது. 6700417 பகா எண் என்பதற்கும் அதே 64 விதி போதுமா?

கரும்பலகை:
போதும். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதுவரை அந்த வடிவில் இருக்கும் பகா எண்கள் 11 மட்டுமே. வகுத்துப் பாருங்கள், ஒன்றும் மீதியில்லாமல் போகாது.