புதுப்பிப்பு: காயத்துக்குப் பிறகு ஜோ பர்ரோவை எடுத்தேன்

2023 நவம்பரில் வலது மணிக்கட்டுத் தசைநார் கிழிந்து 10 ஆட்டத்தோடு உட்கார்ந்துவிட்ட பர்ரோவை (அமெரிக்கக் கால்பந்து லீகான NFL-இல் பெங்கால்ஸ் அணிக்குப் பந்து எறியும் குவார்ட்டர்பேக்) 2024 ஃபேன்டசி அணிக்கு, அதாவது நிஜ வீரர்களின் ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் கற்பனை அணிக்கு, எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது "முதல் சுற்றுகளில் தொடாதே, பொறுத்து எடு" என்ற யோசனைதான் பலித்தது.

முதல் வாரம் வயிற்றில் புளியைக் கரைத்தது: பேட்ரியட்ஸ் அணிக்கு எதிராக அவர் எறிந்த பந்துகளில் முன்னேறியது 164 யார்டு, டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) ஒன்றுகூட இல்லை. அவரை என் அணியின் பெஞ்சில் உட்கார வைக்கத்தான் போனேன், நல்லவேளை கை வரவில்லை. 17 ஆட்டமும் ஆடி 4,918 யார்டு, 43 டச்டவுன். இரண்டிலும் லீகிலேயே முதலிடம்.

எதிர்பாராதது, பெங்கால்ஸின் ஓட்டைத் தடுப்பாட்டம். ரேவன்ஸ் அணிக்கு எதிராக பர்ரோ 428 யார்டு எறிந்தும் 35-34 என்று தோற்றார்கள். துரத்தவேண்டி வந்ததால் எறிந்துகொண்டே இருந்தார். அவர்களுக்கு பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்று) போச்சு, எனக்குப் புள்ளி கொட்டியது.