மறு: மண்டப உத்திரம் – பூச்சு மட்டும் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

சித்தி அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உத்திரத்தின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக வெடிப்பு, ஓரத்தில் செம்பழுப்புக் கறை. பாரத்தால் வளைந்த வெடிப்பு என்றால் கம்பிக்குக் குறுக்கே போகும். இது துரு தள்ளியது.

கம்பி இன்னும் தடியாகத்தானே இருக்கிறது என்கிறார் மாமா. தடிமனுக்கு முன்னால் போவது பிடிமானம். முறுக்குக் கம்பியின் மேடுகள் கான்கிரீட்டை முட்டி நிற்பதால்தான் இரண்டும் சேர்ந்து சுமக்கின்றன. துரு, தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். தொடக்கத்தில் அந்த நெருக்கம் பிடியைச் சற்றுக் கூட்டவே செய்யும். மேலே கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்) வெடித்ததும் இறுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. மேடுகள் மழுங்கி, நடுவில் பொடித் துரு நிற்கும். அதன்பின் பிடி மளமளவென்று இறங்கிவிடும். ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) நெருக்கமாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். அன்று எவ்வளவு இடைவெளியில் கட்டினார்கள் என்று பெரியப்பாவுக்குத் தெரியும், சொல்லத்தான் மாட்டார்.

முதலில் லேப் போட்ட இடங்களையும் (இரு கம்பிகளின் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டிக் கட்டிய இடங்கள்) கம்பி நுனிகளையும் பாருங்கள். 12 மி.மீ. கம்பிக்கு விட்டத்தைப்போல் 50 மடங்கு லேப் என்றால் 600 மி.மீ. அந்த நீளம் வெடித்துக் கிடந்தால் கம்பி இருந்தும் பயனில்லை.

உத்திரத்துக்கு அடியில் முட்டு கொடுத்த பிறகே உடைக்க வேண்டும். கம்பிக்குப் பின்புறமும் 20–25 மி.மீ. இடைவெளி தெரிய, துருவில்லாத கம்பி வரும்வரை சிப்பிங் (கான்கிரீட்டைக் கொத்தி எடுப்பது). மணல் பீய்ச்சித் துப்புரவாக்கி வெர்னியர் அளவுகோலில் விட்டத்தை அளக்கவும்: 12 என்பது 11 ஆனாலே குறுக்குப் பரப்பில் 16 சதவீதம் போச்சு. புதுக் கம்பி சேர்த்தால் அதன் லேப் நல்ல கம்பியோடு, நல்ல கான்கிரீட்டுக்குள் விழ வேண்டும். உடைத்த இடத்தில் பினாப்தலீன் (காரம் பட்டால் சிவக்கும் திரவம்) தெளியுங்கள். சிவக்காத பகுதி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தை இழந்துவிட்டது. உப்பு ஏறிய கான்கிரீட்டைப் பக்கத்தில் மிச்சம் வைத்தால் ஒட்டுப்போட்ட விளிம்பிலேயே மறுபடி துரு பிடிக்கும். மேலே பூசி வண்ணம் அடிப்பதால் போன பிடி திரும்பாது.

—

தம்பியின் மேற்கண்ட மடலுக்கு என் பதில்: அவன் சொன்னது சரி. ஆனால் பழுதுபார்க்க வந்த இரண்டாம் செலவு மதிப்பீட்டில் முட்டுக்குத் தனியாக எதுவும் போடவில்லை, லேப் நீளமும் இல்லை. "உத்திரம் பழுது – மொத்தமாக" என்று ஒரே தொகை. உடைத்த நீளம், ஆழம், மாற்றிய கம்பியின் எடை மூன்றையும் அளந்து, மூடுவதற்கு முன் படத்தோடு அனுப்பினால் என் பங்குப் பணம் வரும். அதில் புதுப் பெயர்க் கல்வெட்டுக்கு மட்டும் நீளம் அகலம் துல்லியமாக இருக்கிறது, அதை எழுதியது யார்?