வீட்டுக் கத்தியைத் தீட்ட எதை வாங்குவது?

தாராபுரத்திலிருந்து கேள்வி:

வணக்கம்ங்க. எங்கள் வீதிக்குச் சாணைச் சைக்கிளோடு வரும் பெரியவர் இப்போது வருவதில்லை. சந்தைப் பக்கம் கொண்டுபோனால் மோட்டார் சாணைதான். தீப்பொறி பறக்கப் பிடித்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கத்தி கண்ணுக்குத் தெரிகிற அளவு தேய்ந்து வருகிறது, கூரும் பத்து நாள் நிற்பதில்லை. அதனால் இனி வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

என்னிடம் இருப்பவை ஸ்டெயின்லெஸ் காய்கறிக் கத்தி இரண்டு, அம்மாயி கொடுத்த இரும்புக் கத்தி ஒன்று, ஓர் அருவாமணை. தக்காளி நசுங்காமல் நறுக்க வேண்டும். பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தேங்காயை மெல்லிசாகச் சீவ வேண்டும். இவ்வளவுதான் தேவை. ஆன்லைனில் பார்த்தால் நடுவில் கத்தியை விட்டு இழுக்கும் டப்பா, டயமண்ட் தகடு, தண்ணீர்க் கல், நீளமான ஸ்டீல் கம்பி என்று என்னென்னவோ வருகிறது. ஆயிரம் ரூபாய்க்குள் எதை வாங்குவது? அம்மாயி கத்தியை மட்டும் கெடுத்துவிடக் கூடாது.

பீளமேட்டிலிருந்து பதில்:

அம்மிணி, ஒரே ஒரு கல் போதும். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று எண் போட்ட இரட்டைத் தண்ணீர்க் கல், 7 அங்குலத்துக்குக் குறையாத நீளத்தில் வாங்குங்கள். எண் கூடக்கூடக் கல் நைசாக இருக்கும். 6000 எல்லாம் சவரக் கத்திக்கு நல்லது, அடுப்படிக்குத் தேவையில்லை. 1000-ல் தீட்டிய கூரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பல் கொஞ்சம் இருக்கும், அதுதான் தக்காளித் தோலைக் கவ்விப் பிடித்து இறங்கும்.

நான் கோவையில் டூல் ரூமில் வேலை பார்த்தவன். கட்டர் தீட்டுவதுதான் பிழைப்பு. மோட்டார் சாணையைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அது நிமிடத்துக்கு 2,800 சுற்றுப் பக்கம் சுற்றும். கத்தி விளிம்பு காகிதம் போல மெல்லிசு, சூடு ஒரு நொடியில் ஏறிவிடும். சாதாரண இரும்புக் கத்தி 200 டிகிரியைத் தாண்டினாலே பதம், அதாவது உருக்கின் கடினம், இறங்க ஆரம்பிக்கும். 300 பக்கம் போனால் விளிம்பு நீலம் பாயும். அப்படி நீலம் பாய்ந்த இடத்தில் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, அந்தப் பகுதியையே தேய்த்துத் தள்ளினால்தான் வழி. உங்கள் கத்தியில் கூர் பத்து நாள்கூட நிற்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அம்மாயி கத்தியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், விளிம்போரம் நீலமோ பழுப்போ தெரிகிறதா என்று.

இழுக்கும் டப்பா வேண்டாம். பெரும்பாலானவற்றில் சாய்வாக எதிரெதிரே இரண்டு கார்பைடு துண்டுகள்தான் இருக்கும். அது இரும்பைச் சுரண்டி எடுக்கும். முதல் நாள் வெட்டும், ஆனால் விளிம்பு கரடுமுரடாகிவிடும்.

சரி, முறைக்கு வருவோம். கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊற விடுங்கள். அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. கத்தியின் அகலம் 4 செ.மீ. என்றால் அதன் முதுகு கல்லிலிருந்து 1.3 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், கிட்டத்தட்ட உங்கள் சுண்டுவிரல் பருமன். அப்படிப் பிடித்தால் ஏறக்குறைய 20 டிகிரிச் சாய்வு கிடைக்கும். கடைசிவரை அந்தச் சாய்வு மாறக் கூடாது. அழுத்தம் அதிகம் வேண்டாம். கல்லின் மேல் சேறு போலக் கூழ் வரும், அதைக் கழுவிவிடாதீர்கள், தேய்ப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது சொல்வதுதான் முக்கியம். முதலில் கல்லின் 400 பக்கத்தில், கத்தியின் ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க அதன் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளியே தள்ளித் தடவினால் விரலில் தட்டுப்படும். விளிம்பு நீளத்துக்கு விரலை ஓட்டிப் பார்க்கக் கூடாது, அறுத்துவிடும். பிடியோரத்திலிருந்து நுனிவரை எங்கும் விடாமல் பிசிறு தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். எத்தனை தடவை தேய்க்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எண்ணிக்கையை நம்ப வேண்டாம், பிசிறை நம்புங்கள். பிறகு திருப்பி மறுபக்கம். அதன்பின் 1000 பக்கத்தில் இதையே லேசாகச் செய்துவிட்டு, கடைசியில் பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றி, கத்தியின் கனம் மட்டும் கல்லில் படும்படி இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் நாலு இழுப்பு, முதுகு முன்னே போகும்படி. முடிந்தது. செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அங்கே பிசிறு இன்னும் மிச்சம் இருக்கிறது.

பெருந்துறையிலிருந்து பதில்:

ஐயா சொன்னது சரிதானுங்க, ஆனால் ஸ்டீல் கம்பியை விட்டுவிட்டார். எங்களுடையது கறிக்கடை. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் கம்பி கையருகிலேயே இருக்கும், கல்லை எடுப்பது கடை சாத்திய பிறகுதான். ஸ்டெயின்லெஸ் கத்தி சற்று மிருதுவான உருக்கு, வெட்ட வெட்ட விளிம்பு ஒரு பக்கமாக மடங்கும். கம்பி அதை நிமிர்த்தும். கூர் முழுக்கப் போன கத்திக்குக் கம்பியால் பயனில்லை. ஜப்பான் கத்தி போல ரொம்பக் கடினமானதை அதில் உரசவும் கூடாது, விளிம்பு பொடிந்துவிடும். அக்கா, கம்பிக்குத் தனியாகக் காசு போட வேண்டாம். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு இல்லாத வளையம் இருக்கும், அதில் லேசாக நாலு இழுப்பு இழுத்தாலே அன்றைக்குச் சமாளித்துவிடலாம். நாட்டுக்கோழி எலும்பு வெட்டும் கத்திக்கு மட்டும் 20 டிகிரி போதாது. முதுகை இன்னும் தூக்கி 25 வையுங்கள், இல்லாவிட்டால் பல் பல்லாகப் போய்விடும்.

ஆனைமலையிலிருந்து பதில்:

எங்கள் தோப்பில் மட்டை கழிக்கும் அரிவாளுக்கு அரம்தான் பிடிக்கிறோம். வீட்டுக் கத்தியில் அரத்தை வைக்காதீர்கள், ரொம்பத் தின்றுவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்புக் கார்போரண்டம் கல்லும் நல்லதுதான், விலையும் குறைவு. ஆனால் அதில் கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். நாளானால் பிசுபிசுத்துக் கல்லை அடைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் ஊற்றுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு.

தாராபுரத்திலிருந்து:

ரொம்ப நன்றிங்க. விளிம்பைப் பார்த்தேன், நுனிப் பக்கம் ஓர் அங்குலத்துக்கு நீலம் தெரிகிறது. மற்ற இடம் நன்றாக இருக்கிறது. அப்புறம், அருவாமணையைக் கல்லின் மேல் வைக்கவே முடியாதே?

பீளமேட்டிலிருந்து:

நீலம் இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் விளிம்பில் பள்ளம் விழும். முழு நீளத்தையும் 400-ல் பொறுமையாகத் தேய்த்து இறக்குங்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. மேலோட்டமான நீலமாக இருந்தால் சீக்கிரமே நல்ல உருக்கு வந்துவிடும்.

அருவாமணைக்குக் கல்தான் கத்தியிடம் போக வேண்டும். மேசையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பலகையை அசையாமல் கயிறு போட்டுக் கட்டுங்கள். நுனியிலுள்ள துருவிப் பல்லில் துணி சுற்றிவிடுங்கள். சின்ன டயமண்ட் தகடோ உடைந்த கல் துண்டோ எடுத்து, முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே தள்ளுவது போல் வளைவோடு போங்கள். விரல் நுனி கல்லின் ஓரத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. அங்கேயும் பிசிறுதான் கணக்கு.

கல் பழகப் பழக நடுவில் குழியும். பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, தரை டைல் மேல் 120 உப்புத்தாள் விரித்து, தண்ணீர் விட்டு, கோடெல்லாம் அழியும்வரை தேய்த்தால் மட்டமாகிவிடும். இரும்புக் கத்தியைத் தக்காளி, எலுமிச்சை நறுக்கியதும் உடனே கழுவித் துடைத்துவிடுங்கள், புளிப்பு விளிம்பை அரிக்கும்.