வயல் பரப்பு இருமடங்காக வருகிறது. சிஆர்எஸ் (ஆய முறைமை) மாற்றினால் லேயரே மறைந்துவிடுகிறது

கேள்வி:
ஜிபிஎஸ் வைத்து எல்லையைச் சுற்றி எடுத்த வயல் ஒன்று. இடம் வடக்கு 45, கிழக்கு 9 பாகை அருகே. நில அளவைப்படி 100 ஹெக்டேர். செயற்கைக்கோள் படத்தோடு பொருந்த வேண்டும் என்று க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு நகலை இபிஎஸ்ஜி 3857 என்ற எண்ணுள்ள சிஆர்எஸ்ஸில் (இணைய வரைபடங்கள் பயன்படுத்துவது) சேமித்தேன். அதில் ஃபீல்டு கால்குலேட்டரின் ஏரியா ஃபங்ஷன் 200 ஹெக்டேர் என்கிறது. டாலர் குறி போட்ட ஏரியா 100 என்கிறது. எதை நம்புவது? மூல லேயர் 4326 (பாகைகளில் அமைந்த சிஆர்எஸ்). அதற்கு ‘செட் லேயர் சிஆர்எஸ்’ மூலம் 32632 (மீட்டரில் அமைந்த யூடிஎம் மண்டலம் 32) கொடுத்ததும் லேயர் திரையில் இல்லை.

பதில் 1:
100-தான் சரி. 3857-இன் அலகு மீட்டர் என்று எழுதியிருந்தாலும் அது நிலநடுக்கோட்டில் மட்டுமே தரையின் மீட்டர். வடக்கிலோ தெற்கிலோ நகர நகர, நீளம் அட்சரேகையின் கொசைனால் வகுத்த அளவுக்குப் பெருகும். பரப்பு அதன் வர்க்கத்துக்குப் பெருகும். 45 பாகையில் பரப்பு சரியாக இரண்டு மடங்கு, 60 பாகையில் நான்கு மடங்கு. ஏரியா ஃபங்ஷன் லேயரில் உள்ள எண்களைச் சமதளமாக எடுத்துக் கணக்கிடுகிறது. டாலர் ஏரியா, ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தில் தேர்ந்தெடுத்திருக்கும் எலிப்சாய்டின் (பூமியின் வடிவமாக எடுத்துக்கொள்ளும் தட்டையான கோளம்) மேல் கணக்கிடுகிறது. அங்கே ‘நன்’ (None, எதுவும் இல்லை) என்று இருந்தால் அதுவும் 200 காட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேயர் மறைந்ததற்குக் காரணம் வேறு. ‘செட் லேயர் சிஆர்எஸ்’ ஆயங்களைத் தொடுவதே இல்லை. அவற்றுக்கு என்ன பொருள் என்பதை மட்டும் மாற்றுகிறது. 9, 45 என்ற பாகைகளை இப்போது மென்பொருள் 9 மீட்டர், 45 மீட்டர் என்று படிக்கிறது. யூடிஎம்மில் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலத்தின் நடுக்கோட்டுக்கு 500000 மீட்டர் என்று மதிப்பு கொடுத்திருப்பதால், உங்கள் வயல் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 500 கி.மீ. மேற்கே, கினி வளைகுடாவில் கிழக்கு 4.5 பாகை அருகே போய் விழுந்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர் அகலம் அங்கே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். ‘ஜூம் டு லேயர்’ அழுத்திப் பாருங்கள், தெரியும்.

முதலில் அதே மெனுவில் 4326-ஐ மீண்டும் கொடுங்கள். பிறகு ப்ராசஸிங் டூல்பாக்ஸில் ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ திறந்து, டார்கெட்டாக 32632 வைத்துப் புதுக் கோப்பாகச் சேமியுங்கள். லேயர் ப்ராப்பர்ட்டீஸில் எக்ஸ்டென்ட் (லேயர் பரவியிருக்கும் ஆய எல்லை) பாருங்கள்: கிழக்கு ஆயம் 500000-ஐ ஒட்டியும், வடக்கு ஆயம் 4983000-ஐ ஒட்டியும் இருந்தால் மாற்றம் சரியாக நடந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
வந்துவிட்டது, நன்றி! ஆனால் ஏரியா ஃபங்ஷன் இப்போது 99.92 காட்டுகிறது. அந்த 0.08 எங்கே போனது?

பதில் 1:
யூடிஎம் நடுக்கோட்டில் அளவுக் காரணி (வரைபட நீளத்தைத் தரை நீளத்தால் வகுத்தது) 0.9996. வர்க்கம் 0.9992. உங்கள் வயல் நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது, அதனால் அந்தக் குறை முழுசாகத் தெரிகிறது. நடுக்கோட்டிலிருந்து சுமார் 180 கி.மீ. தள்ளிப் போனால் காரணி 1 ஆகும், அதற்கப்பால் 1-ஐத் தாண்டும். பதிவேட்டில் எழுத டாலர் ஏரியா மதிப்பையே எடுங்கள்.

பதில் 2:
ஒரு சேர்க்கை. பரப்பு பல யூடிஎம் மண்டலங்களில் விரிந்திருந்தால் (ஒவ்வொன்றும் 6 பாகை அகலம்) சமபரப்பு ப்ரொஜெக்‌ஷனுக்குப் போய்விடுங்கள். உலகம் முழுதும் என்றால் இபிஎஸ்ஜி 6933. ஒரு நாட்டளவு என்றால் அதன் நடுவை மையமாக வைத்து லாம்பர்ட் அசிமுத்தல் ஈக்குவல் ஏரியா. இவற்றில் வடிவம் கொஞ்சம் நசுங்கும், பரப்பு கெடாது.

பிஆர்ஜே கோப்பு (சிஆர்எஸ் எது என்று சொல்வது) இல்லாத ஷேப்ஃபைல் (வரைபடத் தரவுக் கோப்பு) கைக்கு வந்தால் எக்ஸ்டென்ட் எண்களே துப்பு. எல்லாம் 180-க்குள் இருந்தால் அநேகமாகப் பாகை. இதே வயல் 1001875, 5621521 என்று வந்தால் 3857. படம் சரியான இடத்துக்கு வந்தும் எல்லாமே ஒரே திசையில் நூறு மீட்டர் போலத் தள்ளி நின்றால், ப்ரொஜெக்‌ஷனை விட்டுவிட்டு டேட்டமை (ஆயங்களை அளக்க அடிப்படையாகக் கொண்ட பூமி மாதிரி) சந்தேகியுங்கள். கையால் இழுத்துப் பொருத்தாதீர்கள். கோப்பைத் தந்தவரிடம் எந்த டேட்டம் என்று கேட்டு, அதைக் கொடுத்துப் பிறகு ரீப்ரொஜெக்ட் செய்யுங்கள்.