கூரையில் காயாக்கும் பிறையில் சந்தித்த லாரி அங்கிளும்

போன மாதம் சுங்கை பட்டாணியில் பழைய காயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) ஒன்றை வாங்கி, பினாங்குத் தீவில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 14 அடி நீளம், 27 கிலோ. என் மைவி காரைவிடப் படகு நீளம். 2021-லிருந்து பினாங்கு ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, அதனால் பாலம்தான் வழி.

காரின் கூரையில் குறுக்கே போடுகிற கம்பிகள், கதவு விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற வகை. படகைக் கவிழ்த்து வைத்து இரண்டு பட்டையால் இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தபோது படகோடு சேர்ந்து காரே ஆடியது. சரி, இது போதும் என்று கிளம்பிவிட்டேன்.

நெடுஞ்சாலையில் 90-ஐத் தொட்டதும் தலைக்கு மேல் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். பட்டை காற்றில் துடிக்கிறது, வேறொன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். பாலத்துக்கு முன்னால் வரும் பிறை ஊரை நெருங்கும்போது ஒரு லாரி விடாமல் ஹார்ன் அடித்தபடி பக்கத்தில் வந்தது. ஓட்டுநர் கூரையைக் காட்டிக் கையசைத்தார். அடுத்த பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினேன், அவரும் ஒதுங்கினார். அறுபது வயது இருக்கும், நம்ம ஆள்.

"தம்பி, படகு மூக்கு தூக்கித் தூக்கி விழுது. பின்னால வர்ற எனக்கே வயித்தக் கலக்குது."

"நல்லா இறுக்கித்தானே கட்டியிருக்கேன், அங்கிள்?"

"படகைக் கம்பியில கட்டியிருக்க. கம்பியக் காரோட எது பிடிச்சிருக்கு?"

தொட்டுப் பார்த்தேன். முன்கம்பியின் இடது கவ்வி, வைத்த இடத்திலிருந்து இரண்டு விரற்கடை பின்னால் போயிருந்தது. நகர்ந்த வழியில் பெயின்டில் கீறல். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்ததெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் காற்று மூக்குக்கு அடியில் புகுந்து நெம்பினால், இத்தனை சின்னக் கவ்வி என்ன செய்யும்?

அங்கிள் தன் லாரியிலிருந்து நீல நைலான் கயிறு எடுத்தார். ஒரு முனையைப் படகின் மூக்குப் பிடியில் கட்டினார். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி. மறுமுனையை பம்பருக்கு அடியில் இருக்கிற இழுவைக் கொக்கியில் நுழைத்து, மேலே கொண்டுவந்து, அந்தக் கண்ணிக்குள் விட்டுக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு. கயிறு வீணைத் தந்தி மாதிரி நின்றது. லாரிக்காரர்கள் சரக்குக் கட்டுகிற முடிச்சு அதுதான். "ரொம்ப இழுக்காத, படகு வளைஞ்சிடும்" என்றார். பின்பக்கமும் அப்படியே. பட்டைகளையும் ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டச் சொன்னார். தட்டையாக இருந்தால்தான் காற்றில் துடித்து இரையுமாம்.

பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலுக்கு மேல். இடது ஓரமாக 60-ல் போனேன். நடுவில் உயரமான இடத்தில் பக்கக் காற்று காரையே தள்ளியது. ஆனால் முன்கண்ணாடி வழியே அந்த நீலக் கயிறு கண்ணெதிரே இருந்தது. அது தொய்யாத வரைக்கும் பயமில்லை. லாரி அங்கிள், காசு கொடுத்ததற்கு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கயிற்றையும் என்னிடமே விட்டுப் போனார். முன்கயிறும் பின்கயிறும் கட்டாமல் இனி நான் தஞ்சோங் பூங்கா கடற்கரைவரைகூடப் போக மாட்டேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

அண்ணே, எனக்கு வெயில்தான் பாடம் சொன்னது. பத்து பெரிங்கி கடற்கரைக்குச் சாப்பிடப் போய், கூரைமேல் காயாக்கோடு காரை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டேன். பிளாஸ்டிக் இளகி, பட்டை அழுத்திய இடத்தில் பள்ளம். நெம்பி நெம்பி இறுக்குகிற ராட்செட் பட்டை வைத்து மிதமிஞ்சி இறுக்கியிருந்தேன். பட்டையை அவிழ்த்து மறுபடி வெயிலில் கிடத்தினேன், பள்ளம் பெரும்பாலும் தானே எழும்பிவிட்டது. இப்போது கையால் இழுத்து மாட்டுகிற பக்கிள் பட்டைதான், கைபலத்துக்கு மேல் இறுக்குவதில்லை.

*

நான் குள்ளம், தனியாகத்தான் கடலுக்குப் போவேன். தெலுக் பாஹாங்கில் முதல் தடவை 22 கிலோ படகைத் தலைக்கு மேல் தூக்கப் பார்த்து முதுகு பிடித்துக்கொண்டது. வலை உதறிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு, காரின் பின்விளிம்பில் பழைய சாரோங் ஒன்றை மடித்துப் போட்டார். மூக்கை மட்டும் தூக்கி அதன்மேல் சாய்த்தார். அப்புறம் பின்னால் போய், வாலைத் தூக்கி முன்னால் தள்ளினார். படகு கம்பிமேல் தானாக வழுக்கி ஏறியது. ஒரு நேரத்தில் பாதி எடைதான் கையில் வரும். சாரோங்கைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது என் அம்மாவின் பழைய கைலி ஒன்று எப்போதும் காரில் இருக்கிறது.