முதல் குவில்ட்டுக்கு உண்மையில் கைகொடுத்த கருவி எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வைதான் குவில்ட். உடுப்புத் தையல் எனக்குப் பல வருடப் பழக்கம். அதனால் குவில்ட்டுக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். கத்தரி, இன்ச் டேப், மெஷின் எல்லாம் வீட்டில் இருந்தன. சாக்பீஸால் கோடு போட்டு 3½ அங்குலச் சதுரங்கள் ஒன்பது வெட்டி, ஒரு பிளாக்காக, அதாவது குவில்ட்டின் ஒரு கட்டமாக, இணைத்தேன். 9½ அங்குலம் வர வேண்டிய பிளாக் ஒரு பக்கம் 9¼, மறுபக்கம் 9⅝. நாலு துணி கூடும் முனைகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பிரித்துத் திரும்பத் தைத்தேன், அப்போதும் அதே கதை. கடைசியில் சதுரங்களைப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். எந்த இரண்டும் ஒரே அளவில் இல்லை! இத்தனை நேரம் தையலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், தப்பு நடந்தது வெட்டும்போது.

கத்தரியின் கீழ்த்தகடு துணியைத் தூக்கிக்கொண்டேதான் போகும். அந்தத் தூக்கலில் துணி கொஞ்சம் நகரும். உடுப்பில் அது கணக்கிலேயே வராது. இங்கே ஒவ்வொரு துண்டிலும் சேர்ந்துகொண்டே போகிறது.

அப்புறம்தான் வட்ட பிளேடை உருட்டி வெட்டும் ரோட்டரி கட்டர், 6க்கு 24 அங்குல அக்ரிலிக் ஸ்கேல், அடியில் விரிக்கும் கட்டிங் மேட் மூன்றையும் வாங்கினேன். இவை மூன்றும் சேர்ந்து ஒரே கருவி என்றுதான் சொல்வேன், ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். கட்டரில் 45 மி.மீ. பிளேடு போதும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்த கருவி இது. அதற்கு முன்பு அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் வரைந்து, துண்டு துண்டாகக் கத்தரித்திருக்கிறார்கள். அந்தக் கைகளின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஒரு அனுபவத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். துணியில் குத்தியிருந்த குண்டூசியைக் கவனிக்காமல் அதன்மேல் கட்டரை ஓட்டிவிட்டேன். அன்றிலிருந்து எந்தக் கோட்டை வெட்டினாலும் இரண்டு மூன்று இழை அறுபடாமல் நின்றது. அளந்து பார்த்தால் எல்லாக் கோட்டிலும் ஒரே இடைவெளி, ஐந்தரை அங்குலத்துக்கு ஒன்று. 45 மி.மீ. பிளேடு ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 14 செ.மீ., அதாவது அதே ஐந்தரை அங்குலம். விளிம்பில் விழுந்த பொட்டளவு பள்ளம் சுற்றுக்கு ஒருமுறை துணியைத் தொடும்போதெல்லாம் இழையை விட்டுவிடுகிறது. இப்படிச் சீரான இடைவெளியில் இழை நின்றால் கையை அழுத்திப் பயனில்லை, பிளேடை மாற்றிவிடுங்கள். கட்டரைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மூடியைத் தள்ளி மூடுங்கள். பிளேடு விரலையும் அப்படியே வெட்டும்.

* * *

அக்கா, வெட்டு சரியான பிறகும் எனக்கு பிளாக் சுருங்கிக்கொண்டே போனது. காரணம் துணி ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவே விடும் ¼ அங்குலத் தையல் இடம். மெஷினோடு வந்த ஃபுட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) ஓரத்தை நம்பித் தைத்தேன். அந்த ஓரம் ¼ அங்குலத்தைவிட அகலம் என்று அப்போது தெரியாது. ஒரு தையலுக்கு ⅛ அங்குலம் வீணானாலும், வரிசைக்கு 8 சதுரம் என்றால் 7 தையல், மொத்தம் ⅞ அங்குலம் காணாமல் போகும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, அயர்ன் செய்து அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும், மொத்தம் 3½. நடுப்பட்டை குறைந்தால் தையல் இடம் அதிகம். துணி மடங்கும் இடத்தின் தடிமனே ஒரு இழை அளவு எடுத்துக்கொள்ளும், அதனால் ¼ஐவிட ஒரு இழை குறைவாகத் தைத்தால்தான் கணக்கு நேராகும். ஊசியிலிருந்து அந்தத் தூரத்தை அளந்து, ஊசித் தட்டின்மேல் தடித்த டேப் ஒன்றை ஒட்டிக்கொண்டேன். தனி ஃபுட் வாங்கும் அவசியமே வரவில்லை.

அயர்ன் செய்யும்போது பெட்டியைத் தேய்க்காதீர்கள். வைத்து, அழுத்தி, எடுத்து அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் துணி இழுபட்டுக் கோணலாகிவிடும், மூலைவாட்டில் வெட்டிய முக்கோணங்கள் என்றால் இன்னும் மோசம்.

* * *

தண்ணீரில் கரையும் நீலப் பேனா பற்றி ஒரு எச்சரிக்கை. கோடு போட்ட துணியைக் கழுவுவதற்கு முன்பே அயர்ன் செய்துவிட்டேன். சூடு பட்டதும் மை துணியோடு பிடித்துக்கொண்டது, பிறகு எத்தனை முறை அலசியும் போகவில்லை. வெள்ளைத் துணி வேறு. முதலில் தண்ணீர், அப்புறம்தான் சூடு. எந்தப் பேனாவையும் ஒரு துண்டுத் துணியில் சோதித்துவிட்டே உபயோகியுங்கள்.

* * *

நான் மெஷினே இல்லாமல் கையால் தைப்பவள். குவில்ட்டிங்குக்கென்றே 'பிட்வீன்ஸ்' என்று குட்டையான ஊசி வருகிறது. எண் கூடக் கூட ஊசி சிறியதாகும். ஆரம்பத்துக்கு 8 அல்லது 9 பிடிக்க வசதி. நீள ஊசியில் மூன்று அடுக்கையும் குத்தி மேலே எடுப்பதற்குள் தையல் பெரிதாகிவிடும். குட்டை ஊசி சட்டென்று திரும்பிவிடும். விரலுறை இல்லாமல் முதல் வாரம் தைத்தேன், நடுவிரலின் நுனி புண்ணாகி நான்கு நாள் ஊசியையே தொட முடியவில்லை. அதைத் தவிர்க்க விரலுறையை முதல் நாளே போட்டுப் பழகுங்கள்.

உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு வாங்கும்போது உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். தையல் கோடுகளுக்கு இடையில் அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று இருக்கும். நான் அதைப் படிக்காமல் அகலம் அகலமாகக் கோடு விட்டேன். துவைத்ததும் பஞ்சு ஒரு மூலையில் போய்த் திரண்டுவிட்டது. பேத்திக்காகத் தைத்தது, அதைக் கையில் வாங்கியபோது மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க வளைந்த ஊக்குகள் நல்லவை. கையை விரித்து வைத்தால் எங்கே வைத்தாலும் ஒரு ஊக்காவது அடியில் தட்டுப்பட வேண்டும். அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட நாலா பக்கமும் 3, 4 அங்குலம் கூடவே இருக்கட்டும்.

* * *

மூன்று பட்டைச் சோதனையை நேற்றே செய்து பார்த்தேன். நடுப்பட்டை 15/16 அங்குலம்தான் இருந்தது. தட்டில் டேப் ஒட்டி, ஊசிப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மூன்றாவது தடவையில் சரியாக 1 அங்குலம் வந்தது. நன்றி தங்கச்சி. அந்தப் பழைய ஒன்பது சதுரங்களையும் நான் தூக்கிப் போடவில்லை. எல்லாவற்றையும் 3¼ அங்குலமாகத் திருத்தி வெட்டினேன். பிளாக் 8¾ வர வேண்டும். இப்போதுதான் அயர்ன் செய்து அளந்தேன், நாலு பக்கமும் 8¾. நடு முனைகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.