நிரலில் உள்ள மாறியின் (வேரியபிள்) மதிப்பையே நிரலாக எழுதிவைத்த அனுபவம் யாருக்கு உண்டு?

கல்லடி நிரலர்
மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிளை வைத்திருக்கும் ஓர் உரக் கடைக்காரரின் பழைய பிஎச்பி மொழி நிரல் என் கைக்கு வந்தது. தரவுத்தளத்தில் உள்ள கிளை விவரங்களை ஓர் அணியில் (விசையும் மதிப்புமாக அடுக்கிய பட்டியல்) ஏற்றி, வேகத்துக்காக அந்த அணியையே பிஎச்பி கோப்பாக எழுதிவைக்கும் சிறு நிரல் அது. முன்பு எழுதியவர் விசை, அம்புக்குறி, மதிப்பு, காற்புள்ளி என்று எல்லாவற்றையும் சுற்றுக்குள் கையாலேயே ஒட்டியிருந்தார். எண் போலத் தெரிந்தால் மேற்கோள் குறி போடமாட்டார். அதனால் மட்டக்களப்புத் தொலைபேசிக் குறியீடு 065 திரையில் 53 ஆனது, அம்பாறையின் 063 என்பது 51 ஆனது. பூச்சியத்தில் தொடங்கும் முழு எண்ணை பிஎச்பி எட்டடி எண்ணாக (பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்ட எண்) எடுத்துக்கொள்ளும்: ஆறெட்டு நாற்பத்தெட்டு, அதோடு ஐந்து. 08 என்று ஒரு குறியீடு இருந்திருந்தால் பிஎச்பி 7 கோப்பை ஏற்கவே மறுத்திருக்கும், குட்டு அன்றே உடைந்திருக்கும். கடைக்காரரோ எண்ணை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறார்!

அந்தச் சுற்றைத் தூக்கிவிட்டு மாறியின் மதிப்பை நிரல் வடிவில் தரும் வார்_எக்ஸ்போர்ட் என்ற செயற்கூறைப் போட்டேன். இரண்டாவது இடத்தில் ட்ரூ கொடுத்தால் திரையில் காட்டாமல் சரமாகத் திருப்பித் தரும். '065' மேற்கோள் குறியோடு வந்தது. முன்னால் ரிட்டர்ன் சேர்த்துக் கோப்பில் எழுதினால், அந்தக் கோப்பை வேறு நிரலுக்குள் ஏற்றும்போது, அதாவது இன்க்ளூட் செய்யும்போது, அணி அப்படியே கிடைக்கும்.

அக்கரைப்பற்றுக்காரன்
பைதனில் இந்த வேலைக்கு ரெப்ர் என்ற செயற்கூறு இருக்கிறது. எண், சரம், பட்டியல், அகராதி வரை கவலையில்லை. நான் பெரும்போக விதைப்புத் திகதிகளை அகராதியில் வைத்திருந்தேன். அவை டேட்டைம்.டேட்(2023, 11, 4) என்ற வடிவில் வெளிவந்தன. பார்த்தால் நல்ல நிரல்தான், ஆனால் எழுதியதைத் திரும்ப மதிப்பாக வாசிக்கும் லிட்டரல்_எவால் மறுத்துவிட்டது. அது எளிய மதிப்புகளை மட்டுமே ஏற்கும். எதையும் நிரலாக ஓட்டிவிடும் வெறும் எவால் போடலாம் என்று யாரும் சொல்லவேண்டாம், கோப்பில் எவனாவது கைவைத்தால் அவன் எழுதியதெல்லாம் ஓடும். திகதிகளைச் சரமாக்கிவிட்டேன்.

வந்தாறுமூலை மாணவி
நானா, பேர்ளில் இதே வேலையைச் செய்யும் டேட்டா டம்பரைப் பார்த்தீர்களா? 'களுவாஞ்சிகுடி' முழுவதும் பின்சாய்கோடும் பதினாறடி எண்களுமாக வந்தது. திரும்ப வாசித்தால் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு ஊர்ப் பெயர் தெரியாது. இன்னொன்று, பேர்ள் 5.18க்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் விசைகளின் வரிசை மாறலாம். ஒரு மதிப்பும் மாறாமலே கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும். விசைகளை வரிசைப்படுத்தும் சார்ட்கீஸ் போட்ட பிறகுதான் அடங்கியது.

அண்ணா, வார்_எக்ஸ்போர்ட் பொருள்களையும் (ஆப்ஜெக்ட்) எழுதுமா?

கல்லடி நிரலர்
எழுதும் தங்கச்சி. ஆனால் அந்தப் பொருளின் வகுப்பில் (கிளாஸ்) செட்_ஸ்டேட் என்ற முறை இருந்தால்தான் திரும்ப உயிர்பெறும். தரவை எழுத்தாகப் பரிமாறும் வடிவமான ஜேசனிலிருந்து வரும் வெற்றுப் பொருளில் அது கிடையாது. ஆகவே பிஎச்பி 7.3க்கு முந்தைய பதிப்பில் கோப்பு ஒழுங்காக எழுதப்படும், இன்க்ளூட் செய்யும்போதுதான் செத்துவிடும். 7.3இலிருந்து அதை அணியாக எழுதி, முன்னால் ஆப்ஜெக்ட் என்று போட்டுவிடுகிறார்கள். பழைய சேவையகம் என்றால் ஜேசனை வாசிக்கும்போதே அணியாக வாங்கிக்கொள்.